நிக்குதா, ஆடுதா?

இரவு பதினொன்றரைக்கு மேல் என் உதவியாளரிடமிருந்து வரும் போன்கள் பெரும்பாலும் ஓர் எண்ணில்தான் தொடங்கும். "அண்ணா, மாஸ்டர்ல பிளஸ் நாலு காட்டுது." "அண்ணா, மைனஸ் பதினாலு கேட்டாங்க, பதினொண்ணு வருது." சாப்பிட்டீங்களா, தூங்கிட்டீங்களா என்ற பேச்செல்லாம் கிடையாது. மிக்ஸிங் அறையின் ஏசி குளிரில் தனியாக உட்கார்ந்து, திரையில் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு அதெல்லாம் தோன்றாது. நானும் ஒரு காலத்தில் அப்படிக் கூப்பிட்டவன்தான். அப்போது மொபைல் இல்லை. ரிசப்ஷனில் இருக்கும் டெலிபோனின் பூட்டைத் திறக்க வாட்ச்மேனை எழுப்ப வேண்டும். அதனால் கூப்பிடுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கவும் நேரம் கிடைத்தது.

1994இல் சாலிகிராமத்தில் ஒரு ஸ்டூடியோவில் கேபிள் சுற்றுகிற பையனாகச் சேர்ந்தேன். அங்கே மீட்டர் என்றால் முள். கன்சோலின் நெற்றியில் வரிசையாக, மஞ்சள் வெளிச்சம் விழுந்த வெளிர்நிறச் சதுரங்கள். மைனஸ் 20இல் தொடங்கி 0 வரை கறுப்புக் கோடு, அங்கிருந்து பிளஸ் 3 வரை சிவப்பு. வி.யூ. மீட்டர். 1939இல் அமெரிக்காவில் பெல் ஆய்வகமும் சிபிஎஸ், என்பிசி வானொலி நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கியது. இந்தச் சரித்திரம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், முள் 0 பக்கம் ஆடினால் சார் சந்தோஷமாக இருப்பார் என்பதுதான்.

சார் என்றால் எங்கள் சீனியர் இன்ஜினியர். அதிகம் பேச மாட்டார். ஒருநாள் நாகஸ்வரமும் தவிலும் ரெக்கார்டிங். இரண்டு அங்குல டேப், 24 ட்ராக். அவர் மைக் வைத்து, லெவல் பார்த்து, ஒரு ஒத்திகை கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். நான் பார்க்கிறேன்: நாகஸ்வரத்தின் முள் 0இல் கம்பீரமாக நிற்கிறது. தவிலின் முள்ளோ மைனஸ் 12 பக்கத்தில் சோம்பேறியாகத் துள்ளிக்கொண்டிருக்கிறது. சார் கவனிக்காமல் போய்விட்டார் என்று நானாக முடிவு செய்து, தவில் மைக்கின் கெயினை ஏற்றினேன். முள் 0க்கு வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டேக் முடிந்து திரும்பப் போட்டுக் கேட்டபோது தவிலைக் காணோம். சத்தம் இருந்தது, தவில் இல்லை. வலந்தலையில் விரல் கூடு போட்டு அடிக்கும்போது ஒரு சுள்ளென்ற தெறிப்பு வருமே, அது மழுங்கி, ஈரத்துணியைக் கல்லில் அடித்த மாதிரி ஆகியிருந்தது. சார் நாலு நொடி கேட்டார். முள்ளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "அதுக்கு வயசாயிடுச்சு தம்பி. அது எழுந்து வர்றதுக்குள்ள அடி முடிஞ்சுடும்" என்றார். தவில்காரரிடம் தானே போய்க் கையைக் கட்டிக்கொண்டு இன்னொரு டேக் கேட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் கூட மறந்திருப்பேன்.

வயசாகிவிட்டது என்று அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே சீரான சத்தம் வந்தால் அந்த முள் தன் இடத்துக்கு வந்து சேர 300 மில்லி செகண்ட் எடுத்துக்கொள்ளும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். காது சத்தத்தின் கனத்தை உணர்வதற்கு அது ஓரளவு ஒத்துப்போகும் என்று. நாகஸ்வரம் ஊதினால் ஊதிக்கொண்டே இருக்கும், முள்ளும் வந்து உட்காரும். தவிலின் தெறிப்போ சில மில்லி செகண்டில் வந்து போய்விடும். முள் பாதி தூரம் எழுவதற்குள் அடுத்த சொல்லே வந்துவிடும். முள் மைனஸ் 12 காட்டும்போது உண்மையான உச்சம் அதற்கு மேல் 15, 20 டெசிபல் எகிறியிருக்கலாம். டேப் அதைக் கொஞ்சம் மென்று விழுங்கும். கம்ப்யூட்டர் அப்படியே வெட்டிப் போடும்.

கம்ப்யூட்டர் வந்தபோது 0 என்ற எண்ணின் அர்த்தமே மாறியது. முள் மீட்டரில் 0 என்பது போய்ச் சேர வேண்டிய இடம். டிஜிட்டலில் 0 என்பது கூரை. 16 பிட்டில் மேல் பாதிக்கு 32,767 என்ற எண்தான் கடைசி. அதற்கு மேல் எழுத எண்ணே இல்லை. எழுத முடியாததெல்லாம் தட்டையாக வெட்டுப்படும். 0ஐத் தொட்டே பழகிய கைகளிடம் 0ஐத் தொடாதே என்றால் எப்படியிருக்கும்? முதல் ஒன்றிரண்டு வருஷங்கள் நான் மிக்ஸ் செய்ய வாங்கிய ட்ராக்குகளில் பாதி தலை வெட்டுப்பட்டவை. அந்தத் தவில்களைப் பிறகு எவ்வளவு இறக்கி வைத்தாலும், மீட்டர் பச்சையாகக் காட்டினாலும், வெட்டியது வெட்டியதுதான்.

பழைய 0க்கும் புதிய 0க்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்பதில்தான் முதல் குழப்பம் வந்தது. ஐரோப்பிய ஒலிபரப்புக்காரர்கள் பழைய 0ஐ டிஜிட்டல் மைனஸ் 18இல் வைத்தார்கள். அமெரிக்கர்களும் சினிமாக்காரர்களும் மைனஸ் 20. ஒருமுறை வெளியிலிருந்து வந்த ஒரு ரீலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினோம். எல்லாமே 2 டெசிபல் தள்ளியிருந்தது. கேபிள் மாற்றினோம், கார்டைக் கழற்றி மாட்டினோம், எர்த் பார்த்தோம். அரை நாள். சார் வந்தார். "எல்லா எடத்துலயும் ரெண்டா? சத்தமா இருக்கற எடத்துலயும் ரெண்டு, மெதுவா இருக்கற எடத்துலயும் ரெண்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப நிக்குது. ஆடலை. நிக்கறது ரிப்பேர் இல்ல, செட்டிங்" என்றார். ரீலின் தலையில் பதிந்திருந்த 1 கிலோஹெர்ட்ஸ் டோனை ஓட விட்டுப் பார்த்தால், அவர்கள் மைனஸ் 18 கணக்கில் போட்டிருக்கிறார்கள், நாங்கள் மைனஸ் 20 கணக்கில் வாங்கியிருக்கிறோம்.

அன்றிலிருந்து இன்றுவரை மீட்டர் வழக்கு எது வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி அதுதான். இரண்டு மீட்டர் இரண்டு விதமாகச் சொன்னால், எண்ணை விடு, வித்தியாசத்தைப் பார். அது பாட்டு முழுக்க ஒரே அளவாக நிற்கிறதா, பாட்டோடு சேர்ந்து ஆடுகிறதா? நின்றால் எங்கோ ஒரு டிக் மார்க், ஒரு கணக்கு முறை. ஆடினால், இரண்டு மீட்டரும் வேறு வேறு விஷயத்தை அளக்கின்றன. இல்லையென்றால் உன் பாட்டில் நீ கேட்காத ஏதோ ஒன்று இருக்கிறது.

நிற்கிற வித்தியாசங்களில் ராஜா 3 டெசிபல்தான். எங்கள் தொழிலில் நடக்கும் மீட்டர் சண்டைகளில் பாதி இந்த மூன்றால் வந்தது என்று சொல்வேன். ஓர் இசையமைப்பாளர், நல்ல மனிதர், கோபக்காரர். வீட்டிலேயே சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறார். மிக்ஸ் அனுப்பிய மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன். "சார், என் ரஃப் மிக்ஸ் மைனஸ் ஒம்பதுல இருந்துது. நீங்க மைனஸ் பன்னெண்டுன்னு எழுதி அனுப்பிருக்கீங்க. ஏன் சார் பாட்டைக் குறைச்சீங்க?" இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டீர்களா என்று கேட்டேன். "எண்ணே குறைவா இருக்கு, கேட்டு என்ன ஆகப்போவுது?" என்றார். இதை நான் இன்றும் சிரிக்காமல் சொல்வேன், ஏனென்றால் நாங்கள் எல்லோரும் ஏதோ ஒரு வயதில் அப்படிச் சொன்னவர்கள்தான்.

நேரில் போனேன். என் ஃபைலை அவர் மீட்டரில் ஓட்டினால் அதுவும் மைனஸ் 9. அவர் முகம் இன்னும் சந்தேகத்துக்குப் போனது: நான் ஏதோ கைவேலை செய்துவிட்டேன் என்று. மென்பொருளிலேயே இருக்கிற டோன் ஜெனரேட்டரைத் திறந்து 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைக் கூரை வரைக்கும், அதாவது பீக் 0க்கு, ஏற்றினேன். ஸ்பீக்கரை முதலில் அணைத்துவிட்டுத்தான். இதைச் சொல்லாமல் விட்டால் யாராவது ட்வீட்டரை எரித்துவிட்டு என்னைத் திட்டுவார்கள். அவர் மீட்டர் ஆர்எம்எஸ், அதாவது சராசரி அளவு, 0 என்றது. என் லேப்டாப்பில் அதே டோன், ஆர்எம்எஸ் மைனஸ் 3.01. அவ்வளவுதான் கதை. பள்ளிக்கூடக் கணக்குப்படி சைன் அலையின் சராசரி ஆற்றல் அதன் உச்சத்துக்கு 3.01 டெசிபல் கீழே. ஆனால் ஏஈஎஸ் 17 என்றொரு முறை இருக்கிறது. உச்சம் 0 உள்ள சைனுக்கு ஆர்எம்எஸ்ஸும் 0 என்றே காட்ட வேண்டும் என்று அது 3ஐக் கூட்டிக்கொள்கிறது. பல மீட்டர்களில் இதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. அவருடையது போட்டிருந்தது, என்னுடையது போடவில்லை. சுவிட்சை நிறுத்திக் காட்டினேன். மைனஸ் 12. அவர் மனைவியைக் கூப்பிட்டுக் காபி போடச் சொன்னார்.

மூன்றுக்கு இன்னும் இரண்டு வேஷம் உண்டு. ஒன்று, பான் லா. ஒரு மோனோ குரல் ட்ராக் மைனஸ் 10 காட்டும். அது போய் விழும் ஸ்டீரியோ பஸ்ஸில், அதாவது ட்ராக்குகள் ஒன்றுசேரும் பாதையில், இடம் வலம் இரண்டும் மைனஸ் 13 என்று நிற்கும். பையன்கள் "நடுவுல எங்கியோ லீக் ஆகுது" என்பார்கள். லீக் இல்லை. நடுவில் வைத்த குரல் இரண்டு ஸ்பீக்கரிலும் சேர்ந்து வரும்போது ஓரத்தில் வைத்ததைவிடப் பெரிதாகக் கேட்கக் கூடாது என்று மென்பொருளே நடுவைத் தாழ்த்துகிறது. எவ்வளவு தாழ்த்துவது என்பது செஷன் செட்டிங்கில் இருக்கும்: 2.5, 3, 4.5, 6 என்று. ஒரு மென்பொருளில் செய்த மிக்ஸை அதே ஃபேடர் எண்களோடு இன்னொன்றில் கட்டினால் குரல் தனியாக மேலே நிற்பதோ முங்குவதோ பெரும்பாலும் இதனால்தான்.

இன்னொரு வேஷம், மோனோ ஃபைலை எல்யூஎஃப்எஸ்ஸில், அதாவது காதுக்கு எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்ற கணக்கில், அளப்பது. ஒரு பக்திச் சொற்பொழிவுத் தொடர். வெறும் பேச்சு, ஒரே மைக், மோனோ. மைனஸ் 23 கேட்டார்கள். ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கம் 2010இல் ஆர் 128 என்று வகுத்த அளவு அது, இங்கேயும் பல இடங்களில் அதைக் கேட்பார்கள். சரியாக மைனஸ் 23இல் நிறுத்தி அனுப்பினேன். மைனஸ் 20 என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் அதை ஸ்டீரியோ டைம்லைனில் போட்டிருக்கிறார்கள். ஒரே குரல் இடத்திலும் வலத்திலும். ஐடியூவின் பிஎஸ் 1770 என்ற அளவுமுறை சேனல்களின் ஆற்றலைக் கூட்டிப் பார்க்கும். இரண்டு சேனலில் அதே சத்தம் என்றால் ஆற்றல் இரட்டிப்பு, 3 கூடும். யார் சரி? இரண்டு பேரும். கடைசியில் எப்படி ஓடப்போகிறதோ அப்படி வைத்து அளக்க வேண்டும், அவ்வளவே. பன்னிரண்டு பகுதிகளையும் 3 குறைத்து அனுப்பினேன். கேட்டவர்களுக்கு எந்த மாற்றமும் தெரிந்திருக்காது.

வித்தியாசம் சரியாக 6 என்று நின்றால் அதிகம் யோசிக்க வேண்டாம். அதே ட்ராக் இரண்டு வழியாக மாஸ்டருக்கு, எல்லா ட்ராக்கும் கடைசியில் சேரும் இடத்துக்கு, போய்ச் சேர்கிறது. அவுட்புட்டும் மாஸ்டருக்கு, செண்டும் மாஸ்டருக்கு. அல்லது டூப்ளிகேட் போட்டுவிட்டு மியூட் செய்ய மறந்திருப்பார்கள். அச்சாக ஒன்றுபோல் இருக்கிற இரண்டு சத்தம் கூடினால் 6. சம்பந்தமில்லாத இரண்டு சத்தம் கூடினால் 3.

உதவியாளர் ஒருமுறை "எல்லா ட்ராக்கும் பச்சைண்ணா, மாஸ்டர் மட்டும் சிவப்பு, சாஃப்ட்வேர் கரப்ட் ஆயிடுச்சு போல" என்று கூப்பிட்டான். எத்தனை ட்ராக் என்றேன். அறுபத்துச் சொச்சம். ஒவ்வொன்றும் சராசரி மைனஸ் 18. "ரெண்டு சேர்ந்தா மூணு ஏறும். நாலு சேர்ந்தா ஆறு. அறுபத்து நாலுக்கு எத்தனை தடவை ரெட்டிப்பு?" போனிலேயே விரல் விட்டு எண்ணினான். ஆறு. ஆறு மூணு பதினெட்டு. மைனஸ் 18உம் பிளஸ் 18உம். அவன் "ஓ" என்று சொன்ன தொனி இருக்கிறதே, கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடியவனின் தொனி. அது சராசரிக் கணக்கு மட்டும்; உச்சங்கள் அதற்கும் மேலே.

அதே ராத்திரி இன்னொன்றும் நடந்தது. சரி, ட்ராக்குகளை இறக்கு என்றேன். இறக்கினான். "ஃபேடர் கீழ வந்துடுச்சு, மீட்டர் இறங்கலையே" என்றான். ப்ரோ டூல்ஸ் மென்பொருளில் ஆப்ஷன்ஸ் மெனுவில் ப்ரீ ஃபேடர் மீட்டரிங் என்று ஒரு டிக் இருக்கிறது. அது போட்டிருந்தால் மீட்டர் ஃபேடருக்கு முன்னால் நிற்கும். வாசலில் வருகிறவர்களை எண்ணும், உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று அதற்குத் தெரியாது. ரெக்கார்டிங்கின்போது அது நல்லது. மிக்ஸிங்கில் பையன்களின் தூக்கத்தைக் கெடுக்கும். எடுத்துவிட்டால் எதிர்ப்பக்கச் சிக்கல் வரும்: ஃபேடரை இறக்கி வைத்திருப்போம், மீட்டர் பச்சை, ஆனால் ஃபேடருக்கு முன்னாலேயே ஒரு ப்ளக்-இன் மூச்சு முட்டிக்கொண்டிருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். மிக்ஸ் நடுவில் தனி ட்ராக்கில் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. இன்றைய மென்பொருள்கள் உள்ளே 32 பிட் ஃப்ளோட்டிலாவது கணக்குப் போடுகின்றன. அதில் 1,500 டெசிபலுக்கு மேல் இடம் இருக்கிறது. 0ஐத் தாண்டிய ட்ராக்கை மாஸ்டரில் இறக்கிக்கொண்டால் சேதாரம் இல்லை. வெளியே போகிற இடத்தில், ஸ்பீக்கருக்குப் போகும் கன்வெர்ட்டரிலும் 24 பிட் ஃபைலாக எழுதும் இடத்திலும்தான் கூரை திரும்ப வரும். ஆனால் இதைக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் சிவப்பில் ஓட்டுகிறவர்களும் உண்டு. பழைய கருவிகளைப் போலச் செய்யும் ப்ளக்-இன்கள் பல, மைனஸ் 18 பக்கத்தில் சத்தம் வரும் என்று எதிர்பார்த்து எழுதப்பட்டவை. அதற்குள் 0ஐத் திணித்தால் அது சிவப்பு விளக்கே போடாமல் சத்தத்தைக் கசக்கித் தரும். அந்த ட்ராக் மீட்டரில் யோக்கியமாகத் தெரியும்.

இனி ஆடுகிற வகை. இதில்தான் வேலை இருக்கிறது.

ஆடுவதில் சாதுவானது இது: ஆர்எம்எஸ்ஸுக்கும் எல்யூஎஃப்எஸ்ஸுக்கும் உள்ள இடைவெளி. நாகஸ்வரப் பகுதியில் எல்யூஎஃப்எஸ் மேலே போகும், கீழ்ச்சத்தம் நிறைந்த கானாப் பகுதியில் தாழும். எல்யூஎஃப்எஸ் அளவுமுறை அளப்பதற்கு முன் ஒரு வடிகட்டியைப் போட்டுக்கொள்கிறது: அடித்தளச் சத்தத்தைக் குறைத்து, 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே சுமார் 4 டெசிபல் தூக்கி. மனிதக் காது எதைப் பெரிதாகக் கேட்கிறதோ அதைப் பெரிதாக எண்ண வேண்டும் என்பதற்காக. அதனால் இடைவெளி ஆடத்தான் வேண்டும். ஆடாமல் இருந்தால்தான் சந்தேகப்படுவேன்.

பையன்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது எல்யூஎஃப்எஸ்ஸின் இன்டெக்ரேட்டட் எண்ணில். அது பாட்டின் தொடக்கத்திலிருந்து முடிவுவரைக்குமான மொத்தக் கணக்கு. சரணத்தில் ஒரு வரியைச் சரிசெய்ய அதே இடத்தை இருபது தடவை ஓட்டியிருப்பார்கள். மீட்டர் அந்த இருபதையும் கணக்கில் வைத்துக்கொண்டே வரும். ரீசெட் செய்துவிட்டு முதலிலிருந்து கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டு கேட்டால்தான் எண் வரும். முழுப் பாட்டையும் நிறுத்தாமல் கேட்பதற்கு இப்படியாவது ஒரு காரணம் கிடைக்கிறதே என்று நான் சந்தோஷப்படுவேன்.

என்னை நிஜமாகப் பயமுறுத்தியது ஒரு வீணை ரெக்கார்டிங். கோடம்பாக்கத்தில் ரயில் தண்டவாளத்துக்குப் பின்புறம் ஒரு வீடு. கலைஞருக்கு வயதாகிவிட்டது, ஸ்டூடியோவுக்கு வர முடியாது, அதனால் நாங்கள் போனோம். காதுக்கு அமைதியான அறை. மிக்ஸுக்கு வந்தபோது மீட்டர் சில நிமிடங்களுக்கு ஒரு முறை, தந்தியைத் தொடாத இடத்தில்கூட, மெதுவாக எழுந்து மைனஸ் 15 வரை வந்து மெதுவாக அடங்கியது. ஹெட்ஃபோனில் ஒன்றுமே இல்லை. பேய் என்று சொல்ல ஆசைதான். பெரிய ஸ்பீக்கரின் முன்னால் போய்க் குனிந்து பார்த்தேன். வூஃபரின் கூம்பு சத்தமே இல்லாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது, தூங்குகிற குழந்தையின் வயிறு மாதிரி. ஸ்பெக்ட்ரம் போட்டதும் தெரிந்துவிட்டது. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு மேடு. ரயில் போகும்போது தரை அசைந்து, ஸ்டாண்டு வழியாக மைக்குக்கு ஏறியிருக்கிறது. வீட்டுக்காரர்களுக்கு அது பழகிப்போனதால் யாரும் சொல்லவில்லை; எங்கள் காதுக்கு எட்டாததால் நாங்கள் கேட்கவில்லை. மீட்டர் மட்டும் ரயிலைப் பார்த்திருக்கிறது.

உதவியாளன் மாஸ்டரின் கடைசியில், லிமிட்டருக்கும் பின்னால், 30 ஹெர்ட்ஸில் ஒரு ஹை பாஸ் ஃபில்டர் போட்டான். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தான். "சத்தத்தை எடுத்தா பீக் ஏறுதுண்ணா." உண்மைதான், கிட்டத்தட்ட 1 டெசிபல் ஏறியிருந்தது. இதை நம்பவே பலருக்குக் கஷ்டம். லிமிட்டர் அலையின் உச்சிகளை ஒரே மட்டத்துக்கு இஸ்திரி போட்டு வைத்திருக்கிறது. அந்த மட்டம் கீழ்ச்சத்தமும் மேல்ச்சத்தமும் குறிப்பிட்ட நேர ஒழுங்கில் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்ததால் வந்தது. ஃபில்டர் கீழ்ச்சத்தத்தைக் குறைப்பதோடு நிற்காது, பக்கத்திலிருப்பவற்றின் நேரத்தையும் சற்று நகர்த்திவிடும். அடுக்கு கலைகிறது; எங்கோ ஒரு நுனி துருத்துகிறது. ஃபில்டரைத் தூக்கி வீணை ட்ராக்கிலேயே, எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தோம். ரயிலும் போயிற்று, நுனியும் போயிற்று.

துருத்துகிற நுனி என்றதும் ட்ரூ பீக் நினைவுக்கு வருகிறது. அதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு படத்தின் பாடல்களை டெலிவரி கொடுத்தோம். உச்சம் மைனஸ் 2ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. என் லிமிட்டரின் கூரை மைனஸ் 2. மீட்டரும் மைனஸ் 2.0 என்று கல் மாதிரி நின்றது. திரும்பி வந்துவிட்டது: மைனஸ் 1.1 இருக்கிறதாம். அவர்கள் ஆட்களுக்கு மீட்டர் பார்க்கத் தெரியவில்லை என்று தயாரிப்பாளர் அலுவலகத்தில் நான் சத்தமாகச் சொன்னேன். பத்துப் பேர் முன்னால்.

என் அம்மா போடும் சிக்குக் கோலத்தைப் பார்த்திருந்தும் இது எனக்கு உறைக்காமல் போனதுதான் வருத்தம். புள்ளி வைத்துவிட்டுக் கம்பியை இழுக்கும்போது அது புள்ளிகளைத் தொடாது, சுற்றிக்கொண்டு போகும். கடைசி வரிசைப் புள்ளிக்கும் வெளியே வளைந்து திரும்பும். பத்தடி வாசலில் புள்ளி அடங்கிவிட்டது என்று நினைத்தால் கம்பி படிக்கட்டில் ஏறும். டிஜிட்டல் ஆடியோவில் ஃபைலில் இருப்பது புள்ளிகள் மட்டும், எங்கள் வேலையில் நொடிக்கு 48,000. சாதாரண பீக் மீட்டர் புள்ளிகளைத்தான் பார்க்கிறது. கன்வெர்ட்டர் அவற்றுக்கு நடுவே அலையை இழுக்கும்போது இரண்டு புள்ளிகளுக்கு இடையில் அது இன்னும் மேலே போய் வளையலாம். 48,000 புள்ளிக் கணக்கில் 12 கிலோஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் புள்ளிகள் சரியாக உச்சிக்கு இரு பக்கமும் விழுகிற மாதிரி வைத்தால், மீட்டருக்கும் உண்மைக்கும் 3 டெசிபல் இடைவெளி வரும். மறுபடியும் அதே மூன்று! ட்ரூ பீக் மீட்டர் இதற்காகத்தான் புள்ளிகளின் நடுவே புதுப் புள்ளிகளைக் கணக்கிட்டு, குறைந்தது நான்கு மடங்காக்கிப் பார்க்கிறது. இந்த வித்தியாசம் ஆடும் ஜாதி. வெறும் குரலில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஜால்ராவும் சிம்பலும் சேர்ந்து அடிக்கும்போது எகிறும். எம்பி3யாகவோ ஏஏசியாகவோ சுருக்கினால் இன்னும் கொஞ்சம். லிமிட்டரில் ட்ரூ பீக் பொத்தானை அழுத்திவிட்டு மிக்ஸை மறுபடி ஒரே ஃபைலாக எழுத, அதாவது பவுன்ஸ் எடுக்க, எனக்கு இருபது நிமிடம் ஆனது. அந்த அலுவலகத்துக்குள் தலை நிமிர்ந்து போகப் பல மாதங்கள் ஆனது.

இதைவிட மோசமாக ஒன்று செய்திருக்கிறேன். அறை சத்தத்தில் உண்டாக்கும் ஏற்றத்தாழ்வைச் சமன் செய்ய ஒரு கரெக்‌ஷன் ப்ளக்-இன் மாஸ்டரின் கடைசியில் வைத்திருப்போம். என் காதுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே மட்டும் இருக்க வேண்டிய மூக்குக்கண்ணாடி அது. பவுன்ஸ் எடுக்கும் முன் கழற்ற வேண்டும். ஒருநாள் விடியற்காலை கழற்ற மறந்தேன். வந்த ஃபைல் நான் கேட்டதைவிட 6 டெசிபலுக்கு மேல் குறைவு, அடித்தளம் மெலிந்து போயிருந்தது. குறைவை மாஸ்டரிங்கில் ஏற்றிக்கொண்டார்கள். மெலிவை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பாட்டு அப்படியே வெளியானது, ஓரளவு ஓடவும் செய்தது. எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன். டீக்கடையில் அது ஒலித்தால் நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு செஷனின் தலையிலும் பழைய ரீல்களில் போட்டது போல ஒரு டோன் போட ஆரம்பித்தேன். மைனஸ் 20, 1 கிலோஹெர்ட்ஸ், முப்பது நொடி. ட்ராக்கில் மைனஸ் 20 என்று வருகிறதா, பஸ்ஸில் எவ்வளவு, மாஸ்டரில் எவ்வளவு, பவுன்ஸ் எடுத்த ஃபைலைத் திரும்ப உள்ளே இழுத்தால் எவ்வளவு. எங்கே எண் மாறுகிறதோ அந்த இரண்டு இடங்களுக்கு நடுவில்தான் திருடன். குழாயில் அடைப்புப் பார்க்கிறவர் ஒவ்வொரு வால்வாகத் திறந்துகொண்டே வருவதில்லையா, அதே வேலை. பாட்டை ஓட்டிக்கொண்டு இதைச் செய்யக் கூடாது. பாட்டு நிலையாக நிற்காது, எந்த எண்ணோடு எந்த எண்ணை ஒப்பிடுவது என்றே தெரியாது. முக்கியமாக, பாட்டு நன்றாக இருந்தால் மீட்டரை மறந்துவிடுவோம்.

சார் இப்போது இல்லை. அவர் வேலை பார்த்த கன்சோலைப் பழைய இரும்புக்குப் போட்டபோது ஒரு முள் மீட்டரை மட்டும் கழற்றி எடுத்து வந்தேன். என் மேஜையில், மாஸ்டரின் சத்தம் அதற்குள் போகிற மாதிரி ஒயர் போட்டு வைத்திருக்கிறேன். உதவியாளர்கள் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். சில நாள் மைனஸ் 7இல் சிக்கிக்கொள்ளும்; விரல் நகத்தால் சுண்டினால் விடும்.

போன வாரம் பன்னிரண்டே கால் மணிக்குப் போன். படுத்துவிட்டேன்.

"அண்ணா, நம்ம மாஸ்டருக்கும் அவங்க ரிப்போர்ட்டுக்கும் ஒத்துப் போகலை."

"எவ்வளவு?"

"மூணு."

எனக்கு நிம்மதி. மூன்றென்றால் படுத்தபடியே தீர்த்துவிடலாம். மனசுக்குள் பட்டியல் ஓடியது: பான் லா, ஏஈஎஸ், மோனோ.

"நிக்குதா, ஆடுதா?"

அந்தப் பக்கம் ஸ்பேஸ் பார் தட்டுகிற சத்தம். பல்லவி கொஞ்சம் தூரத்தில் கேட்டது. பிறகு இடையிசை. அவன் மூச்சு விடுவதும் கேட்டது. சரணம் தொடங்கி இரண்டு வரி போனது.

"ஆடுதுண்ணா."

சட்டையைத் தேட லைட்டைப் போட்டேன்.